தேய்மானம் போக மீதி...

எங்க ஊர் கடலாடியில் ரயில் கிடையாது. பேரிலே இருக்கிற கடலும் ஊருக்குள்ளே கிடையாது. பஸ் பிடிச்சுத்தான் போகணும். ரயிலைப் பார்க்கணும்னா இன்னும் கொஞ்சம் அதிக டிக்கெட் எடுத்து ராமநாதபுரமோ பரமக்குடியோ போகணும்.

இதிலே ஒரு கொடுமை என்னன்னா, ஊரைச் சுத்தி சீமைக்கருவேலங்காடு. மூட்டம் போட்டு லாரி லாரியாகக் கரி அனுப்புகிற சீமை. இத்தனை கரி இருந்தும் ஒரே ஒரு கரி எஞ்சின்கூட எங்க பக்கம் எட்டிப் பார்த்ததில்லையே என்று சின்ன வயசில் எனக்குப் பெரிய மனத்தாங்கல்.

அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவன் இப்போ எந்த ஊருக்குப் போனாலும் "இங்கே ரயில் மியூசியம் இருக்கா?" என்று கேட்கிறேன். என் மனைவிக்கு இது புரியவே இல்லை.

"ஓடுற ரயில்லயே உங்களுக்கு சீட் கிடைக்காது. ஓடாத ரயிலைப் பார்க்கக் காசு கொடுத்துப் போறீங்களே!"

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல ரெண்டு பேரை அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறது. ஒருத்தர் எங்க ஐயா. இன்னொருத்தர் மிஸ்டர் தேய்மானம்.

*

எங்க பக்கம் அப்பாவைப் பெத்தவரை 'ஐயா' என்றுதான் கூப்பிடுவோம். எங்க ஐயா பாம்பன் பாலத்தில் கலாசி. 1964 டிசம்பர் புயலில் பாலம் நொறுங்கினதும், சரி பண்ண ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மண்டபத்துக்குப் போனவர். தினக்கூலியாகச் சேர்ந்து, நிரந்தரமாகி, 1998-ல் ரிட்டயர் ஆனார்.

அவர் வேலையை ஒரே வரியில் சொல்வதென்றால், கப்பல் வந்தால் பாலத்தைத் தூக்குவது.

சிரிக்காதீர்கள் சார். நிஜமாகவே தூக்குவதுதான். பழைய பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24-ல் திறந்தது. நீளம் ரெண்டு கிலோ மீட்டர் சொச்சம். நடுவில் கப்பல் போக வழி வேண்டுமே? அதற்கு ஷெர்சர் என்கிற அமெரிக்க எஞ்சினீயரின் டிசைனில் ரெண்டு இறக்கை வைத்தார்கள். ஒவ்வொரு இறக்கைக்கும் அடிப்பாகம் தொட்டில் கட்டை மாதிரி வளைந்திருக்கும். பின்பக்கம் எடைக்கு எடை. ரெண்டு கரையிலும் ஆட்கள் கம்பியைப் பிடித்துத் தள்ளிச் சுத்தச் சுத்த, பல்சக்கரம் நகர்ந்து, இறக்கை பின்னால் உருண்டு மேலே எழும்பும். மோட்டார் கிடையாது. கரண்ட் கிடையாது. கை, தோள், அவ்வளவுதான்.

"செக்கு மாடு மாதிரி சுத்துவோம் அப்பு. எண்ணெய்க்குப் பதிலா கப்பல் வரும்" என்பார் ஐயா. பாலத்தைப் பற்றி அவர் பேசியது மொத்தமே இவ்வளவுதான். புயலைப் பற்றிக் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார்.

இனி மிஸ்டர் தேய்மானம். பி.காம். படித்தவர்களுக்கு இவரை ஞாபகம் இருக்கும். ஒரு லட்சத்துக்கு மெஷின் வாங்கினால் வருஷா வருஷம் அதன் மதிப்பைக் கணக்கில் குறைத்துக்கொண்டே வரவேண்டும். நேர்க்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை என்று ரெண்டு தினுசு. கடைசியில் மிஞ்சுவதற்கு 'எறிமதிப்பு' என்று பேர். அதாவது பழைய இரும்புக் கடைக்காரர் தராசில் வைத்துச் சொல்லுகிற விலை. அதையும் வரவு வைத்தால் கணக்கு முடிந்தது.

நான் நாலு கடைக்குக் கணக்கு எழுதுகிறவன். மிச்ச நேரத்தில் பத்திரிகைக்கு எழுதுகிறவன். (ரெண்டு பக்கமும் லேட்டாகத்தான் காசு வரும்.) இத்தனை வருஷத்தில் ஒரு கடையிலாவது, எறிமதிப்புக்கு வந்த சாமானை மறுபடி மேலே ஏத்தி வைத்துப் பூப் போட்டுப் பார்த்ததில்லை. அப்படி ஒரு காரியம் நடக்கிறது என்று முதன்முதலாகக் கண்டது டெல்லியில்.

*

ஒரு ஆடிட் வேலைக்கு ஒத்தாசையாக என்னையும் டெல்லிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு நாள் ஓய்வு. மத்தவர்கள் தாஜ்மகாலுக்குப் போய்விட, நான் சாணக்கியபுரியில் தேசிய ரயில் மியூசியத்துக்குப் போனேன். 1977-ல் திறந்தது. உள்ளே நுழைந்தால் பேத்தி கல்யாணத்துக்கு வந்த பாட்டி மாதிரி பளபளவென்று அப்போது நின்றது 'ஃபேரி குவீன்'. 1855-ல் இங்கிலாந்தில் செய்த எஞ்சின். ஓடுகிற நிலையில் இருக்கும் உலகத்திலேயே பழைய நீராவி எஞ்சின் என்று 1998-ல் கின்னஸ் புத்தகத்தில் ஏறினது. அதே 1855-ம் வருஷத்து இன்னொரு எஞ்சின் இ.ஐ.ஆர். 21. அதற்கு 2010-ல் மறுபடி உயிர் கொடுத்தவர்கள் நம்ம பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்காரர்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இது ரெண்டும் இல்லை. பாட்டியாலா மகாராஜாவின் ஒத்தைத் தண்டவாள ரயில். 1907-ல் ஓட ஆரம்பித்தது. ரயிலின் எடை பெரும்பாலும் தரையோடு பதித்த ஒரே தண்டவாளத்தில். சாய்ந்துவிடாமல் இருக்க ஒரு பக்கம் பெரிய சக்கரம் நீட்டிக்கொண்டு ரோட்டிலேயே உருளும். குழந்தை சைக்கிளுக்குப் பக்கத்தில் குட்டிச் சக்கரம் வைப்போமே, அந்த ஐடியாதான். பஸ்ஸும் லாரியும் வந்ததும் 1927 வாக்கில் மூடிவிட்டார்கள். அப்புறம் பாட்டியாலாவில் பழைய இரும்போடு இரும்பாகக் கிடந்ததை 1960-களில் மைக் சாட்டோ என்கிற இங்கிலாந்துக்காரர் கண்டுபிடித்தார். அந்த மியூசியம் உருவாகவே அவர்தான் பெரிய காரணம். அவர் கண்ணில் படாமல் இருந்திருந்தால்? எறிமதிப்பு. கிலோ கணக்கு. கதை முடிந்திருக்கும்.

அங்கேயே 1894-ல் மெயில் வண்டியோடு மோதின யானையின் மண்டையோடு ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தால் கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டேன் என்கிறார்கள். ராஜா சலூன்களுக்குப் பக்கத்தில் அதையும் வைக்க வேண்டும் என்று தோன்றியதே, அந்த ஆளைப் பார்த்தால் நான் டீ வாங்கிக் கொடுப்பேன்.

மைசூரில் ஸ்டேஷனை ஒட்டியே ஒரு மியூசியம், 1979-லிருந்து இருக்கிறது. மகாராணியின் சலூன் பெட்டிதான் அங்கே விசேஷம். தேன்நிலவு ஜோடிகள் அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். தனியாகப் போனால் ஏக்கம் வரும். எனக்கு வந்தது. அப்போது கல்யாணம் ஆகவில்லை.

திருச்சிக்காரர்கள் 2014-ல் ஒன்று திறந்தார்கள். பழைய தென்னிந்திய ரயில்வேயின் தலைமையிடமே திருச்சிதானே? 1928-ல் நாகப்பட்டினத்து ஒர்க்‌ஷாப்பை பொன்மலைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பொன்மலைக்காரர்கள்தான் இன்றைக்கும் ஊட்டி மலை ரயிலுக்குப் புதுசாக நீராவி எஞ்சின் செய்து கொடுக்கிறார்கள். உலகமெல்லாம் நீராவியை மியூசியத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்க, புது நீராவி எஞ்சினைப் பிரசவிக்கிற ஊர் நம்ம ஊரில் இருக்கிறது. இதை ஆபீஸில் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்கள். சத்தியம் சார்.

*

2019-ல் ஐயாவுக்குக் கண் ஆபரேஷன். சென்னைக்குக் கூட்டிவந்தேன். எல்லாம் நல்லபடியாக முடிந்து, கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டார்கள். ஊருக்குக் கிளம்ப ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சம்.

"ஐயா, எங்கே போகலாம்? பீச்சு? மிருகக்காட்சி சாலை?"

"கடல் நம்ம ஊர்லயே கெடக்கு. மிருகத்தைப் பார்த்து என்ன செய்ய? ரயிலு ஏதாச்சும் இருக்கா?"

வில்லிவாக்கம் பக்கம் ஐ.சி.எஃப். வளாகத்தில் 2002-லிருந்து ஒரு ரயில் மியூசியம் இருக்கிறது. ஐ.சி.எஃப். என்றால் 1955-லிருந்து இந்தியாவுக்கே ரயில் பெட்டி வார்க்கிற தொழிற்சாலை. வந்தே பாரத் ரயில் முதலில் பிறந்ததும் அங்கேதான். மரத்தடியில் பழைய எஞ்சின்கள், பெட்டிகள், ஊட்டி ரயிலின் நீலப்பெட்டி, சுத்தி வர பொம்மை ரயில் என்று ஞாயிற்றுக்கிழமைக்கு ஏத்த இடம்.

ஐயா எஞ்சின்களைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு மீட்டர் கேஜ் வண்டிக்குப் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கையால் தண்டவாளத்தைத் தடவினார். ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் சாண் போட்டு அளந்தார். சரியாக இருக்கிறதாம். எழுந்தார்.

அப்புறம் டோக்கன் பெட்டியிடம் வந்து நின்றுவிட்டார். பல மியூசியங்களில் இதைப் பார்க்கலாம். சிவப்பாக, பழைய தபால் பெட்டியும் இரும்புப் பெட்டியும் கல்யாணம் பண்ணிக்கொண்ட மாதிரி இருக்கும். யாரும் நிற்காமல் தாண்டிப் போகிற சாமான். அங்கே நாலைந்து காலேஜ் பையன்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, இது என்னன்னு தெரியுமா?" என்றார் ஐயா.

"உண்டியலா தாத்தா?"

அவ்வளவுதான். எண்பது வயசுக்காரர் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். ஒத்தைத் தடத்தில் ரெண்டு பக்கத்திலிருந்தும் வண்டி வந்தால் என்ன ஆகும்? அதற்குத்தான் இந்தப் பெட்டி. இந்த ஸ்டேஷனில் ஒன்று, அடுத்த ஸ்டேஷனில் ஒன்று. ரெண்டுக்கும் நடுவே கம்பித் தொடர்பு. அந்த ஸ்டேஷன்காரர் அங்கிருந்து சம்மதம் கொடுத்தால்தான் இங்கே ஒரு குண்டு வெளியே வரும். வெளியே வந்த குண்டு அந்த ஸ்டேஷன் பெட்டிக்குள் போய் விழுகிற வரைக்கும் ரெண்டு பெட்டியிலும் இன்னொரு குண்டு வராது. கையில் குண்டு இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்கக்கூடாது.

நான் அசந்துபோனேன். ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் செக் பாஸாகும் என்று நாங்கள் வைத்திருக்கிறோமே, அதே சங்கதி! மனுஷனை நம்பாமல் ஏற்பாட்டை நம்புகிற விஷயத்தில் அக்கவுண்ட்ஸ்காரனுக்கு அண்ணன் ரயில்வேக்காரன்.

"நிக்காத வண்டிக்கு எப்படி தாத்தா குடுப்பாங்க?" என்றான் ஒரு பையன்.

ஐயா ஊன்றுகோலை என்னிடம் கொடுத்தார். பிரம்பு வளையத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நிற்கிற ஆளாக ஒரு தடவை நின்றார். எஞ்சினிலிருந்து சாய்ந்து கையை வளையத்துக்குள் கொடுத்து வாரிக்கொண்டு போகிற ஆளாக அடுத்த தடவை. பையன்கள் செல்போனைத் திருப்பி அவரைப் படம் எடுத்தார்கள். கறுப்புக் கண்ணாடியும் அவருமாக ரஜினி படத்து ஸ்டில் மாதிரியே இருந்தது.

"தூசி படக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க ஐயா" என்றேன்.

"சும்மா கெட அப்பு" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. டெல்லியில் நான் பார்த்தது இரும்பு. நல்ல இரும்புதான், பாலிஷ் போட்ட இரும்பு. ஆனால் அதைத் தூக்கினது யார், திருப்பினது யார், எந்த இடத்தில் கை வழுக்கும் என்பதெல்லாம் எழுதி ஒட்டுகிற பலகையில் கொள்ளாது. நல்ல மியூசியம் என்றால் என் கணக்கில் இதுதான்: அங்கே வேலை பார்த்த கையை ஞாபகப்படுத்த வேண்டும்.

*

2022 நவம்பரில் ஐயா போன் பண்ணினார்.

"அப்பு, பாலத்துல ஒரு தடவ ரயில்ல போயிட்டு வருவமா?"

ரிட்டயர் ஆன பிற்பாடு அவர் பாலத்தில் ரயிலில் போனதே இல்லை. ராமேஸ்வரம் போனாலும் பஸ்தான். 1988-ல் ரோட்டுப் பாலம் வந்ததிலிருந்து எங்க பக்கத்து ஆட்களுக்கு அதுதானே வசதி? அதனால் இது சாதாரணக் கேள்வி இல்லை. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

"இருபதாம் தேதி ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடணும் ஐயா. அது முடியட்டும்."

டிசம்பரில் மறுபடி கேட்டார்.

"இந்த மாச இருபதும் முடியட்டும் ஐயா. 24-ம் தேதி சனிக்கிழமை, கட்டாயம்."

"சரி அப்பு."

டிசம்பர் 23-ம் தேதி, பாதுகாப்புக்காகப் பாலத்தில் ரயில் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். முதலில் தற்காலிகம் என்றார்கள். பிறகு அந்தப் பாலத்தில் பயணிகள் ரயில் ஓடவே இல்லை. நூத்தியெட்டு வருஷம் ஓடின பாலம் எனக்காக இன்னும் ஒரு நாள் காத்திருக்கக்கூடாதா என்று நினைத்தேன். நான் ஐயாவை ஒரு மாசம் காத்திருக்க வைத்தேனே, அதை யாரிடம் சொல்ல?

போனில் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டம். "இருபத்தி மூணா?" என்று மட்டும் கேட்டார்.

ஏன் அப்படிக் கேட்டார் என்பது போனை வைத்த பிறகுதான் புரிந்தது. 1964 டிசம்பர் 22 ராத்திரி, 23 பிறக்கிற நேரம். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653-ம் நம்பர் பாசஞ்சர் வண்டியை அலை அடித்துக்கொண்டு போனது. வண்டியில் இருந்த நூறு பேருக்கு மேல் ஒருத்தர்கூடத் தப்பவில்லை.

*

தனுஷ்கோடிக்குப் போயிருக்கிறீர்களா? டிக்கெட் இல்லாத ரயில் மியூசியம் அது. மதராஸ் எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பல் ஏறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறி கொழும்பு போகலாம். அதனால்தான் 'போட் மெயில்' என்று பேர். இப்போது தனுஷ்கோடியில் ஸ்டேஷன் என்று சொல்ல உடைந்த சுவர்களும் மணலும்தான். சங்கு விற்கிறவர்கள், போட்டோ எடுக்கிறவர்கள், நடுவே அந்தச் சுவர்கள்.

இலங்கைக்காரர்கள் அவர்கள் பக்கத்து ரயில் சரித்திரத்துக்கு கடுகண்ணாவையில் 2014 டிசம்பரில் ஒரு மியூசியம் திறந்தார்கள். ஒரே பயணத்தின் ரெண்டு முனை. ஒரு முனை கண்ணாடிப் பெட்டிக்குள், ஒரு முனை மணலுக்குள். இதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

2025 ஏப்ரல் 6-ம் தேதி புதுப் பாம்பன் பாலம் திறந்தது. அடுத்த மாசமே ஐயாவோடு கிளம்பினேன். இந்தத் தடவை தேதி பார்க்கவில்லை. சொல்லப்போனால் அது இருபதாம் தேதிதான்.

புதுப் பாலம் பிரமாதம். நடுவில் 72.5 மீட்டர் நீளத்துக்கு ஒரே துண்டு. மோட்டாரில் லிஃப்ட் மாதிரி நேராக மேலே போகிறது. சுத்தச் செக்கு மாடு வேண்டாம். வண்டிக்குள் எல்லாரும் செல்போனோடு ஜன்னலுக்கு ஓடினார்கள். ஐயா மட்டும் பக்கத்தில் நின்ற பழைய பாலத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். தூக்கு வந்தபோது உதடு அசைந்தது. எதையோ எண்ணினார் என்று நினைக்கிறேன்.

திரும்பும்போது பஸ்ஸில் வரலாம் என்றார். ரோட்டுப் பாலத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கீழே பழைய பாலம், அதன் ரெண்டு இறக்கைகள். நல்ல காத்து. மணிக்கு 58 கிலோ மீட்டரைத் தாண்டினால் அந்தக் காலத்தில் வண்டியை விடமாட்டார்கள். ஐயாவின் வேட்டியைப் பார்த்தால் அதைத் தாண்டியிருக்கும் போலிருந்தது.

"இதைப் பிரிச்சுருவாகளா அப்பு?"

"அப்படித்தான் பேச்சு ஐயா."

"எடைக்குப் போடுவாகளோ?"

எறிமதிப்பு என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது, முழுங்கினேன். எனக்கு அதிகாரம் இருந்தால், அந்த ரெண்டு இறக்கையில் ஒன்றையாவது மண்டபம் கரையில் கொண்டுவந்து நிறுத்துவேன். பல்சக்கரத்தோடு, கம்பியோடு. லீவுக்கு வருகிற பிள்ளைகள் தள்ளிப் பார்க்கட்டும். எத்தனை பேர் சேர்ந்தால் நகர்கிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். பலகையே வேண்டாம்.

ஐயா தானாகப் பேச ஆரம்பித்தார்.

"புயல்ல கர்டரெல்லாம் கடலுக்குள்ள போயிருச்சு. தேடித் தேடி எடுத்தோம். நடுத்தூக்கு மட்டும் அப்படியே நின்னுச்சு. நாப்பத்தாறு நாள்ல வண்டி விட்டாக. சின்ன வயசு எஞ்சினீயர் ஒருத்தர், ஸ்ரீதரன்னு. பின்னாடி பெரிய ஆளா வந்தாரே..."

"மெட்ரோ ஸ்ரீதரன் ஐயா. கொங்கன் ரயில்வே போட்டவர்."

"அவர்தான். மொத வண்டி வந்தப்ப எல்லாரும் சந்தோசப்பட்டாக. நான் வண்டியைப் பார்க்கல அப்பு. இரும்பைத் தேடுறப்ப கடல்ல இருந்து வேற என்னென்னமோ வந்துச்சு. ஒரு பிள்ளையோட தகரப் பெட்டி. பூட்டியிருந்துச்சு. கரையில வெச்சேன். யாரும் கேட்டு வரல. நாப்பத்தாறு நாளும் அங்கனயே இருந்துச்சு."

அறுபது வருஷமாக வெளியே எழுந்து போய்க்கொண்டிருந்தவர் இதைச் சொல்லி முடித்து மூக்கைச் சிந்தினார். காத்து அதை என் சட்டையில் சேர்த்தது.

அப்போது பார்த்து போன் அடித்தது. நான் கணக்கு எழுதுகிற மளிகைக் கடை அண்ணாச்சி.

"தம்பி, இன்னைக்கு இருபது. ரிட்டர்ன் என்னாச்சு? எங்க இருக்கீய?"

"மியூசியத்துல இருக்கேன் அண்ணாச்சி."

"மியூசியத்துல ஏன் இவ்வளவு காத்து அடிக்கி?"

பதில் சொல்வதற்குள் ஐயா என் கையைத் தட்டினார்.

"யாரு, வேலை குடுத்தவுகளா? வேலையைப் போட்டுட்டா வந்தே? ஆட்டோவைக் கூப்பிடு... இரு, இரு. கப்பல் ஒண்ணு வருது, அது தாண்டட்டும்."